பத்தாவது விளக்கு

விமான நிலையத்தில் அவருக்கு விளக்கெண்ணி என்று பெயர். கூப்பிடும்போது வேண்டுமென்றே நாக்கை வழுக்கவிட்டு விளக்கெண்ணெய் என்று சொல்பவர்களும் உண்டு. பெட்டி தூக்குகிற பயல்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? அவர் கோபித்துக்கொண்டதில்லை. "எண்ணெயோ எண்ணியோ, பனி விழுந்தா நான் சொன்னாத்தான்டா உங்க விமானம் எறங்கும்" என்பார். பீற்றல்தான். ஆனால் பொய்யில்லை.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று காலை அவர் பட்ட பாடு புரியாது. பனி மூடிய நாளில் விமானி கண்ணை நம்பி இறங்க முடியாது. தரையிலிருந்து இரண்டு ரேடியோ அலைகளை அனுப்புகிறார்கள். ஒன்று, ஓடுபாதைக்கு நேராக வருகிறாயா, இடமோ வலமோ விலகிவிட்டாயா என்று சொல்லும். மற்றது, இறங்குகிற சரிவு சரிதானா என்று சொல்லும். விமானி தன் முன்னால் இருக்கிற கருவியில் இரண்டு கோடுகளையும் நடுவிலேயே வைத்துக்கொண்டு, வெளியே ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டே வரலாம். அந்த நிலையத்துக் கருவி இருநூறு அடி வரைக்கும் கூட்டிவந்து கையை விட்டுவிடும். அங்கே விமானி நிமிர்ந்து பார்க்கும்போது விளக்கு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே தூக்கிவிட வேண்டும்.

இது இரண்டாவது கதவு. முதல் கதவு அதற்கு முன்னாலேயே, ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதையில் ஐந்நூற்று ஐம்பது மீட்டராவது கண்ணுக்குத் தெரிகிறது என்று தரையிலிருந்து தகவல் வந்திருந்தால்தான் விமானி அதைத் தாண்டலாம். தாண்டுவதற்குள் தகவல் மாறிக் குறைந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும். தாண்டிய பிறகு குறைந்தால், அது அவன் பாடு. இரண்டாவது கதவு வரைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அந்தத் தகவலைச் சொல்ல ஓடுபாதை ஓரத்தில் ஒரு இயந்திரம் உண்டு. அது மழைக்காலத்தில் படுத்தது. உதிரிப் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மேலிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதுவரை பழைய முறைதான். ஓடுபாதை ஓரத்தில் ஒரு சின்ன மேடை, தகரக் கூரை, கையில் ரேடியோ. அங்கே நின்று, வரிசையாக எரிகிற ஓர விளக்குகளில் எத்தனை தெரிகிறது என்று ஒரு ஆள் எண்ணிச் சொல்ல வேண்டும். அறுபது மீட்டருக்கு ஒரு விளக்கு. ஒன்பது தெரிந்தால் ஐந்நூற்று நாற்பது. பத்து மீட்டர் குறைகிறது. பத்து விளக்கு தெரிந்தால் கதவு திறக்கும்.

கேட்பதற்குச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். அதில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. வருஷக்கணக்காக அதே இடத்தில் நின்று அதே விளக்குகளைப் பார்த்தவனுக்கு, அடுத்த விளக்கு எங்கே இருக்கும் என்று கண்ணுக்கு மனப்பாடம் ஆகிவிடும். இருக்கிற இடம் தெரிவதால், இல்லாத வெளிச்சத்தையும் கண் அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். புதிதாக வந்தவனுக்கு இந்தத் தப்பு வராது, கைதேர்ந்தவனுக்குத்தான் வரும். அதற்காக இவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருமுறை எண்ணியதும் விளக்குகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் ஷூ முனையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு திரும்பிப் புதிதாக எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் குறைந்ததைத்தான் சொல்ல வேண்டும். "முதுகு காட்டினியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டில் அவரிடம் கணக்குக் கேட்கிறவள் அவருடைய அக்கா. தாய் போனபோது அவருக்கு ஏழு வயது. அக்காவுக்குப் பதினேழு. தையல் கடையில் பள்ளிச் சீருடை தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள், பிறகு கல்யாணம் கட்டினாள், புருஷனை இழந்தாள், கைப்பிள்ளையோடு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவள் இடம் கேட்டு ஒதுங்கியிருக்கவில்லை. வீட்டையே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். தம்பி மனைவிக்கும் அவளுக்கும் காலையில் சண்டை, சாயங்காலம் சேர்த்தி. பனி நாளில் தம்பி வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னைக்கு எத்தனைடா?"

"ஆறுக்கா."

"ஆறா? அப்ப ஒருத்தனும் எறங்கியிருக்க மாட்டானே. பாவம், மேலயே சுத்திக்கிட்டிருந்திருப்பானுங்க." அதற்கப்புறம்தான் டீ வரும்.

இப்போது அந்த அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரல் இரண்டும் போய்விட்டது. மூக்கில் குழாய். மூச்சு மேலே இழுத்துக் கீழே விடுவதற்குள் பார்க்கிறவர்களுக்கு வேர்த்துவிடும். அவள் மகன் கப்பலில் மெக்கானிக், கரையைப் பார்த்தே இரண்டு வருஷமாகிறது. தகவல் போய், ஏதோ துறைமுகத்தில் இறங்கி, விமானம் மாறி மாறி வந்துகொண்டிருந்தான். காலை முதல் விமானத்தில் ஊர் வந்து சேர வேண்டும். டாக்டர் முதல்நாளே விளக்கெண்ணியைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு மத்தியானம் தாண்டுறது கஷ்டம். பாக்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

விடியும்போது ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் இல்லை. அப்படி ஒரு பனி. அந்த நேரம் பார்த்து நிலையத்திலிருந்து போன். முறைக்கு வர வேண்டியவனுக்குக் கண்வலி, இரண்டு கண்ணும் சிவந்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இன்னொருவன் ஊரிலேயே இல்லை. எண்ண ஆள் இல்லையென்றால் பனி விலகும்வரை ஒரு விமானமும் இறங்க முயலவே கூடாது என்பது விதி.

"நான் எப்படிங்க இந்த நேரத்துல..." என்று ஆரம்பித்தவர், கட்டிலைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் போகாவிட்டால் அக்கா மகன் வரவே மாட்டான்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "போடா," என்றாள் குழாய்க்கு நடுவே. "போய் எண்ணு."

மேடையில் ஏறி நின்றதும் எண்ணினார். ஏழு. முதுகைக் காட்டினார், ஷூவைப் பார்த்தார், திரும்ப எண்ணினார். ஏழு.

"டவர், ஏழு."

"சரிங்கண்ணே." கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்று இருந்த பெண் அதிகாரி அவரைவிட வயதில் சின்னவள். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவளுக்கு வீட்டு விஷயம் தெரியும். "விமானம் மேல வந்துடுச்சு. காத்திருக்கேன்னு கேப்டன் சொல்றாரு. எரிபொருள் கொஞ்ச நேரம் தாங்கும்."

தலைக்கு மேலே எங்கேயோ இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு இருக்கையில் அவர் தூக்கி வளர்த்த பையன் உட்கார்ந்திருக்கிறான். அவர் வானத்தைப் பார்த்தார். வானம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. அடப்பாவிப் பனியே, இன்றைக்கு ஒருநாள் தள்ளி வரக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினார்.

எட்டு. முதுகு காட்டினார். எட்டு.

மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசுகிறாள் என்பது எதிரொலியிலேயே தெரிந்தது. "எறங்கிட்டானா?"

"இன்னும் இல்ல."

"அண்ணி கண்ணு வாசல்லயே கெடக்குங்க. செருப்புச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கப் பாக்கறாங்க. என்னால பாக்க முடியல." கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். "எத்தனை தெரியுது?"

"எட்டு."

"ரெண்டு கூடச் சொன்னாத்தான் என்ன? அவன் மேலேருந்து டேப்பு வச்சா அளக்கப் போறான்?"

"வைடி போனை," என்றார். மனைவியை அவர் இப்படிப் பேசியதில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? அவரே மனதுக்குள் அதைத்தான் பத்துத் தடவை கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது கதவுதான் இருக்கிறதே. விமானி என்ன குருடனா? இருநூறு அடியில் தெரிந்தால் இறக்குவான், தெரியாவிட்டால் தூக்குவான். நான் ஒன்றிரண்டு கூடச் சொல்வதால் யார் குடி மூழ்கிவிடும்?

ஒன்பது. முதுகு காட்டினார். ஒன்பது. சொன்னார்.

"அண்ணே," என்றாள் கோபுரத்துப் பெண். குரல் இறங்கியிருந்தது. "கேப்டனுக்கு இனிமே காத்திருக்க முடியாதாம். இப்ப ஒரு தடவை முயற்சி பண்ணலாம், இல்லன்னா பக்கத்து நிலையத்துக்குப் போயிடுவாரு. அங்க பனி இல்ல." பக்கத்து நிலையம் என்று பேர்தான். ரோட்டு வழியே வந்தால் ஐந்து மணி நேரம்.

அவர் விளக்குகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி நீட்டி எண்ணினார். ஒன்பது மங்கலாக இருந்தது. அதற்கு அப்பால், சரியாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, மஞ்சளாக ஒரு புள்ளி. இருக்கிறது. கண்ணில் நீர் முட்டியது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஏங்கினவன் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

"டவர், பத்து."

"பத்தா அண்ணே? முதுகு காட்டினீங்களா?"

"ம்," என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய். ஒற்றை எழுத்து.

கோபுரம் அனுமதி கொடுத்தது ரேடியோவில் கேட்டது. விமானம் திரும்பிச் சரிவுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் நிம்மதியாக நிற்க வேண்டியதுதானே? முடியவில்லை. சொல்லிவிட்ட அந்த 'ம்' உறுத்திக்கொண்டே இருந்தது. கால்கள் தாமாகவே திரும்பின. முதுகைக் காட்டினார். ஷூ முனையைப் பார்த்தார். அக்காதான் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாள் வரை அதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே. வேண்டாமென்று சொன்னால் கேட்க மாட்டாள். அவர் திரும்பி எண்ணினார்.

ஒன்பது.

மறுபடி திரும்பினார். மறுபடி எண்ணினார். ஒன்பது. அப்பால் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை. கண்ணைக் கசக்கினார். "வாடா, வந்து தொலையேன்" என்று அந்தப் பத்தாவது விளக்கைக் கெஞ்சினார். அது வரவில்லை. அது முதலிலேயே வரவில்லை என்பது அவருக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

இரண்டு நிமிஷம். இரண்டே நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், விமானம் முதல் கதவைத் தாண்டிவிடும். அப்புறம் அவர் சொல்லுக்கு வேலையில்லை. எவனும் கேட்கப் போவதில்லை. பனி இறங்கும், ஏறும், யார் கண்டது என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு மணிக்குள் பிள்ளை தாய் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். இரைச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே இருக்கிற விமானியும் மனிதன்தானே. அவனும் சுற்றிச் சுற்றிக் களைத்திருப்பான், எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான், எப்படியாவது இறங்கினால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருப்பான். பத்து என்று சொல்லியிருக்கிறார்கள் என்கிற நம்பிக்கையில் நிமிர்ந்து பார்ப்பான். நான் பார்த்ததைத்தான் அவனும் பார்ப்பான். இல்லாத விளக்கைப் பார்ப்பான். அவனுக்குப் பின்னால் என் அக்கா பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

"டவர்," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "பத்து இல்ல. ஒன்பது. முன்னாடி சொன்னது தப்பு, எடுத்துடுங்க."

"அண்ணே..."

"ஒன்பதுதான் மேடம். ஒன்பதுதான்."

அவள் அதை விமானிக்குச் சொன்னாள். விமானி ஏதோ பதில் சொன்னான். தாழ்ந்து வந்த இரைச்சல் ஒரு கணம் தயங்கி, பிறகு பெருத்து, தலைக்கு மேலே வெள்ளைக்குள் ஏறிப் போயிற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள். அவர் மேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பனியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த விமானம் வர நேரமிருந்தது. கோபுரத்துப் பெண்ணே அவரைப் போகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்றபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் விட்டாள். அக்கா அவர் பின்னால் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை.

"எத்தனைடா?" என்றாள்.

எத்தனையோ காலைகளில் டீக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. மூச்சு மட்டும்தான் வேறு. இன்னொருவராக இருந்தால் ஒன்பது என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள். இவருக்கு அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை.

"முதல்ல பத்துன்னு சொல்லிட்டேன்க்கா. எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் பாத்தா ஒன்பது. திரும்பப் போகச் சொல்லிட்டேன்." அதற்குமேல் பேச முடியாமல் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நான்தான்க்கா திருப்பி அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அக்கா கொஞ்ச நேரம் மூச்சுக்குப் போராடினாள். அவர் தலையில் கை வைப்பாள் என்று மனைவி நினைத்தாள். கை வைக்கவில்லை. கண்ணில் பழைய கோபம் வந்தது, சின்ன வயதில் தம்பி ரோட்டைப் பார்க்காமல் தாண்டினால் வருமே, அந்தக் கோபம்.

"இல்லாத விளக்க நம்பியாடா," என்றாள், "எம் பிள்ளைய எறக்கப் பாத்த?"

அவர் நிமிரவில்லை. நிமிர முகமில்லை.

"எங்க இருக்கான் இப்ப?"

"பக்கத்து நிலையத்துல பத்திரமா எறங்கிட்டான்க்கா. கார் புடிச்சு வந்துக்கிட்டிருக்கான்."

"ரோட்ல பனி இருக்குமே." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவழித்தாள். "மெதுவா வரச் சொல்லு."

அவர் வராந்தாவுக்கு வந்து போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "மாமா, அம்மா எப்படி இருக்காங்க?"

"பேசினாங்க மாப்ள. ரோட்ல பனியா இருக்கும், மெதுவா வரச் சொன்னாங்க."

"பேசினாங்களா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்பாடா. எறங்கறோம், பெல்ட்ட போடுங்கன்னு சொல்லிட்டு மறுபடி தூக்கிட்டாங்க மாமா. எனக்கு உயிரே போயிடுச்சு. அம்மா பேசினாங்கன்னா சரி. டிரைவர் அண்ணே, மெதுவாவே போங்க, அவசரமில்ல."

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தார் விளக்கெண்ணி. சொன்னால் பயல் டிரைவரை விரட்டுவான். அந்த ரோடு மலையோரம் வளைந்து வளைந்து வருகிற ரோடு. "சரி மாப்ள," என்று வைத்துவிட்டார். பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பனி சுத்தமாக விலகிவிட்டது. ஜன்னலில் எதிர்க் கட்டடம் வந்தது, அதன் மாடியில் துணி காய்ந்தது, சுள்ளென்று வெயில் அடித்தது. அந்த வெயிலில்தான் அக்காவின் மூச்சு நின்றது. கண் அப்போதும் வாசல் பக்கம்தான் இருந்தது. தம்பி மூடிவிட்டார்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டு அவர் படியிறங்கி ஓடினார். அக்கா மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கமில்லாத முகத்தில் சிரிப்போடு ஏறி வந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு படி மேலே ஏறினான், அப்புறம் ஏறவில்லை.

"அம்மா சொன்னாங்கன்னு நீங்க சொன்னீங்களே மாமா," என்றான். "அதான் மெதுவா வந்தோம். நடுவுல நிறுத்தி டீ கூடக் குடிச்சோம்."

விளக்கெண்ணி அவன் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.